மறு: டிடெக்டிவ் காமிக்ஸ் 27 – அசலா, மறுபதிப்பா?
உங்களிடம் உள்ள ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழ் அசலா என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்மேன் முதலில் தோன்றிய 1939 மே மாத அமெரிக்கப் படக்கதை இதழ் அது. அட்டையில் விலை 10 சென்ட், தேதியும் சரி, ஆனால் ‘கொஞ்சம் பெரிசா இருக்கு’ என்கிறீர்கள். விடை அந்தப் ‘பெரிசு’க்குள்தான், நண்பரே. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அசல் ஏறக்குறைய 7¾ அங்குல அகலம், 10¼ உயரம். உங்களுடையது 10க்கு 13½ வந்தால், அது 1974இல் அதன் பதிப்பகமான டிசியே போட்ட பெரிய அளவு மறுபதிப்பு.

அந்த மறுபதிப்பின் வெளிப்புறத்தில், மறுபதிப்பு என்று சொல்லும் தடித்த அட்டை ஒன்று உண்டு. அதைக் கழற்றிவிட்டால் பழைய அட்டை, விளம்பரங்கள், தேதி எல்லாம் 1939 மாதிரியே நிற்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். சிலர் வேண்டுமென்றே கழற்றியும் விற்கிறார்கள்.

அளவு அசலோடு பொருந்தினால் மட்டும் தரச்சான்றுக்கு (அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது என்று வல்லுநர்கள் பார்த்துத் தரும் சான்று) அனுப்புங்கள். அதுவரை கிழிசலில் செலோடேப் ஒட்ட வேண்டாம், மதிப்பு சரியும்.