கேம் வழிகாட்டிப் புத்தகம் வாங்கலாமா? கேள்வி-பதில்

கேள்வி: யூடியூபிலும் விக்கி தளங்களிலும் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது. இன்னும் காசு கொடுத்து அச்சிட்ட வழிகாட்டிப் புத்தகத்தை வாங்க வேண்டுமா?

பதில்: எந்த கேமுக்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகம் அச்சுக்குப் போன பிறகு அந்த கேம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சூப்பர் நிண்டெண்டோ, கேம்பாய் அட்வான்ஸ், பிளேஸ்டேஷன் 1, 2 காலத்து கேம்களுக்கு அப்டேட் என்பதே கிடையாது என்று சொல்லிவிடலாம். அன்று அச்சிட்ட வரைபடம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். இவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். ஃபோர்ட்நைட் போல சீசனுக்கு சீசன் மாறும் ஆன்லைன் கேம்களுக்கு வாங்கவே வேண்டாம். புத்தகம் கைக்கு வருவதற்குள் பாதி பழையதாகிவிடும்.

புத்தகத்தின் பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இரண்டு பக்கங்களில் விரியும் பெரிய வரைபடம். செல்போன் திரையில் பெரிதாக்கி நகர்த்திப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். இன்னொன்று, அட்டவணைகள். எதிரியின் உயிர்ப்புள்ளி, பலவீனம், வீழ்த்தினால் எந்தப் பொருளை எத்தனை சதவீத வாய்ப்பில் விட்டுச்செல்லும் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இருபது வாள்களை ஒப்பிட வேண்டுமானால் புத்தகம்தான் வசதி. கடைசி பாஸின் (இறுதியில் வரும் பெரிய எதிரியின்) படத்தை முகப்பில் போட்டுக் கதையைக் கெடுக்கும் வீடியோக்களின் தொல்லையும் இல்லை. ஆனால் எந்த நொடியில் குதிக்க வேண்டும், எந்த அசைவைப் பார்த்து விலக வேண்டும் என்பது போன்றவற்றுக்கு வீடியோதான் சரி. அச்சில் இருக்கும் நான்கு படங்கள் அதைச் சொல்லித்தராது.

கேள்வி: எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 போன்ற கேம்கள் ஒருவரே ஆடுபவைதானே? இவற்றுக்கு வாங்கலாமா?

பதில்: இங்கேதான் கவனம் வேண்டும். ஒருவர் ஆடும் கேம் என்றாலும் இவை பேட்ச் (வெளியான பிறகு வரும் திருத்த அப்டேட்) மேல் பேட்ச் வாங்கியவை. சைபர்பங்க் 2020 டிசம்பரில் வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச், பெர்க் (பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் திறன்கள்) அமைப்பு முழுவதையும் கலைத்துப் புதிதாக அடுக்கியது. பாதுகாப்புக் கவசத்தின் கணக்கு உடையிலிருந்து சைபர்வேருக்கு (உடலில் பொருத்தும் கருவிகளுக்கு) போனது. முதலில் வெளிவந்தபோது அச்சிட்ட வழிகாட்டியில் பாத்திர வளர்ச்சி பற்றிய பக்கங்கள் இப்போது உதவாது. நகர வரைபடமும் பெரும்பாலான பணிகளின் வழியும் இன்னும் உதவும்.

எல்டன் ரிங்கின் 1.03 பேட்ச் சில துணைப் பாத்திரங்களின் கதைக்குப் புதிய கட்டங்களைச் சேர்த்தது, பலரும் நம்பியிருந்த சில திறன்களின் பலத்தையும் குறைத்தது. ஃபியூச்சர் பிரஸ் வெளியிட்ட இதன் வழிகாட்டி கேம் வந்து பல மாதங்கள் கழித்தே வந்ததால் இந்த மாற்றத்தில் சிக்கவில்லை. அது தொகுதி தொகுதியாக வருகிறது: முதல் தொகுதி இடங்களையும் வழிகளையும் சொல்கிறது, இரண்டாவது எதிரிகளையும் ஆயுதங்களையும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதல் தொகுதியை எடுங்கள். பேட்ச் வந்தால் முதலில் அடிபடுவது எண்கள்தான், மலையும் கோட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எந்தப் புத்தகமானாலும் பதிப்பு விவரப் பக்கத்தில் தேதியைப் பாருங்கள். கேம் நிறுவனத்தின் தளத்தில் அந்தத் தேதிக்குப் பிறகு வந்த பேட்ச் குறிப்புகளைப் படியுங்கள். வெறும் பிழைத்திருத்தம் என்றால் கவலை இல்லை. ஆயுத பலம், திறன் மாற்றம் என்றால் அட்டவணைகள் போயின. டிஎல்சி (பிறகு தனியாக வரும் கூடுதல் பகுதி) வந்திருந்தால் அந்தப் பகுதி புத்தகத்தில் இருக்காது. பிக்கிபேக் வெளியிட்ட, பிரெத் ஆஃப் தி வைல்ட் என்ற செல்டா கேமின் வழிகாட்டி முதலில் 2017-இல் வந்தது. டிஎல்சியையும் சேர்த்த விரிவான பதிப்பு பிறகு வந்தது. பழைய பிரதிகளில் இரண்டும் கலந்து கிடைக்கும், அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டசி 12-க்குப் பழைய புத்தகம் கையில் இருக்கிறது. இப்போது ரீமாஸ்டரை (புதுப்பித்து வெளியிட்ட பதிப்பை) ஆடுகிறேன். அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கதைக்கும் வரைபடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு வேண்டாம். 2006-இல் வந்த மூலத்தில் சோடியாக் ஈட்டி என்ற ஆயுதம் கிடைக்க வேண்டுமானால் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்கவே கூடாது. 2017-இல் வந்த சோடியாக் ஏஜ் பதிப்பில் அந்த விதியே இல்லை. பழைய புத்தகத்தை நம்பினால் நல்ல பெட்டிகளைக் காரணமில்லாமல் தவிர்த்துக்கொண்டு போவீர்கள். திறன்களைத் திறக்கும் லைசென்ஸ் பலகையும் பாத்திரங்களின் தொழில்வாரியாகப் பிரிந்துவிட்டது. ரீமாஸ்டர் ஆடுபவர் அந்தப் பதிப்பின் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கேள்வி: வழிகாட்டிப் புத்தகங்களை வெளியிட்டுவந்த பிரைமா மூடப்பட்டதாகச் சொல்கிறார்கள். புதிய கேம்களுக்கு அதிகாரப்பூர்வப் புத்தகம் இனி வருமா?

பதில்: வருகிறது, ஆனால் மிகக் குறைவு. இன்னொரு வழிகாட்டிப் பதிப்பகமான பிராடிகேம்ஸ் 2015-இல் பிரைமாவோடு இணைந்தது. பிரைமா 2018 நவம்பரில் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தப் பெயர் இப்போது இணையதளமாக மட்டும் இருக்கிறது. இன்று நம்பி வாங்கத்தக்கவை பிக்கிபேக்கும் ஃபியூச்சர் பிரஸ்ஸும். வருடத்துக்குச் சில தலைப்புகள்தான் என்றாலும் தரம் பழையவற்றைவிட உயர்ந்தது. கேம் கடைக்கு வரும் அன்றே புத்தகமும் வர வேண்டும் என்ற அவசரத்தில், அந்தக் காலத்து எழுத்தாளர்கள் முடிக்கப்படாத பதிப்பை ஆடியே எழுத வேண்டியிருந்தது. வெளியீட்டு நாள் வழிகாட்டிகளில் தவறான எண்களும், இல்லாத பொருள்களும் தென்படுவது அதனால்தான்.

கேள்வி: போன வாரம் வந்த கேமுக்கு ஆன்லைன் கடையில் ‘முழுமையான வழிகாட்டி’ என்று ஐந்தாறு புத்தகங்கள் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை ஆர்டர் வந்த பிறகு அச்சடிக்கும் மலிவுப் பதிப்புகள். விக்கியிலிருந்து எடுத்ததையோ, ஏஐ கருவியிடம் எழுதவைத்ததையோ தாளில் ஏற்றியிருப்பார்கள். பதிப்பாளர் பெயர் இருக்காது அல்லது ‘சுயமாக வெளியிட்டது’ என்றிருக்கும். பக்கங்கள் நூறைத் தாண்டாது. மாதிரிப் பக்கங்களில் ஒரு வரைபடமும் இருக்காது. அதே ஆசிரியர் பெயரில் சமையல், முதலீடு, நாய் வளர்ப்பு என்று இன்னும் முப்பது புத்தகங்கள் கிடக்கும். கேம் நிறுவனத்தின் உரிமக் குறிப்பு பதிப்புப் பக்கத்தில் இல்லையென்றால் அதற்குக் கொடுக்கும் காசு வீண். குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக இவற்றை வாங்கி ஏமாறும் பெற்றோர் பலர் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: பழைய பிரதி வாங்கும்போது விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: முதுகுப் பகுதியின் படத்தைக் கேளுங்கள். இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை பசையில் ஒட்டியவை, தைத்தவை அல்ல. வருடங்கள் போகப் போகப் பசை இறுகி, விரித்து வைத்தவுடன் பிளந்து, பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். முதுகில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது பலமுறை விரிக்கப்பட்ட பிரதி. அடுத்து, பின்னால் இணைத்த மடிப்பு வரைபடமும் போஸ்டரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். முதலில் காணாமல் போவது அவைதான். ‘நல்ல நிலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

பழைய கேம்களில் புத்தகமே பெட்டியின் பகுதியாக இருந்ததும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் வந்த எர்த்பவுண்ட் பெரிய பெட்டியில் வழிகாட்டியோடுதான் விற்றது, சுரண்டினால் மணக்கும் அட்டைகளும் சேர்த்து. அது இல்லாத பெட்டியை ‘முழுமை’ என்று விற்றால் நம்பாதீர்கள். படிக்க மட்டும் வேண்டுமென்றால் அவ்வளவு செலவு தேவையில்லை. 2013-இல் நிண்டெண்டோவே அந்த வழிகாட்டியை ஸ்கேன் செய்து தன் தளத்தில் போட்டது.

ஃபைனல் ஃபேன்டசி 9-க்கு 2000-இல் பிராடிகேம்ஸ் வெளியிட்டதைப் படிப்பதற்காக வாங்காதீர்கள். முக்கியமான விவரங்களைத் தராமல், ‘இந்தச் சொல்லை பிளேஆன்லைன் தளத்தில் தட்டச்சு செய்யுங்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும். அந்த வசதி இன்று இல்லை, புத்தகம் பாதி வெறுமை. அதேபோல ‘உள்ளே டிஜிட்டல் கோட் (கூடுதல் உள்ளடக்கத்தைத் திறக்கும் குறியீடு) இருக்கிறது’ என்று சொல்லி விலையை ஏற்றினால் மறுத்துவிடுங்கள். பயன்படுத்தப்பட்டதாகவோ காலாவதியானதாகவோதான் இருக்கும்.

கெட்டி அட்டைச் சேகரிப்புப் பதிப்பு வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். வழக்கமாக உள்ளடக்கம் ஒன்றுதான், ஓவியப் பக்கங்கள் சில கூடுதல். ஆட மட்டும் என்றால் மெல்லிய அட்டையே போதும்.

கேள்வி: வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: கனமான புத்தகத்தைச் சாய்த்து நிறுத்தாமல் படுக்கவையுங்கள். பளபளப்புத் தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் மை உரிந்து வரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் போதும். கழன்ற பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் கறை விடும். பிவிஏ பசையை (வெள்ளைப் பசை) மெல்லிய கோடாகத் தடவி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டை ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் சிறிது நேரம் காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள்.