கூரையிலிருந்து பேட்டரி வரை: கேரவன் சோலார் ஒயரிங், வாசகர் கேள்வி–பதில்

காட்பாடி வாசகர்: பழைய டிரெய்லர் ஒன்றைக் குடும்பத்தோடு ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போய்த் தங்குகிற மாதிரி கேரவனாக மாற்றி வருகிறோம். கூரையில் 200 வாட் பேனல் இரண்டு. பேட்டரி, முன்பக்க இருக்கைக்கு அடியில். கூரையில் ஓட்டை போட மனசு வரவில்லை. ஒயரை ஜன்னல் வழியாக விட்டுவிடலாமா?

ஜன்னல் வேண்டாம். மூடும்போதெல்லாம் ஒயர் ஒரே இடத்தில் நசுங்கும். ரப்பர் பீடிங் அந்த இடத்தில் தூக்கிக்கொள்ளும். மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஓட்டையே போடுங்கள், ஆனால் கடைசி வேலையாக. முதலில் சார்ஜ் கன்ட்ரோலருக்கு (பேனல் கரன்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் தருகிற பெட்டி) இடம் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள், நிமிர்ந்த பலகையில், மேலும் கீழும் 15 செ.மீ. காற்றோட்டத்தோடு இருக்கட்டும். அதற்கு அருகில் துணி அலமாரி இருந்தால் அதன் பின்மூலைதான் ஒயர் இறங்க நல்ல வழி. கூரையில் ஓட்டை விழுந்தாலும் உள்ளே கண்ணில் படாது. பின்னாளில் கசிவு இருக்கிறதா என்று கதவைத் திறந்து தடவிப் பார்க்கவும் முடியும்.

கூரைக்குள் இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்பதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடியுங்கள். விளக்குக்குப் போகிற ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். உள்ளிருந்து 3 மி.மீ. பிட்டால் ஒரு சிறு துளை. பிட்டில் கூரை கனத்துக்குச் சற்று மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் பிட் எகிறிப் போய்ப் பேனலைக் குத்தாது. பிறகு மேலே ஏறி, அதே துளையை ஸ்டெப் டிரில்லால் (படிப்படியாக அகலமாகிற பிட்) பெரிதாக்குங்கள். வெட்டு விளிம்பை அரத்தால் தேய்த்து, தகரமாக இருந்தால் பிரைமர் தடவி, ரப்பர் கிராமட் (ஓட்டை விளிம்பை மூடுகிற வளையம்) மாட்டுங்கள். இந்த விளிம்புதான் பின்னால் வருகிற பாதி வம்புக்கும் காரணம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகையில் வண்டி ஆடுகிற ஆட்டத்தில், கிராமட் இல்லாத தகரம் ஒயர் தோலை ரம்பம் மாதிரி அறுக்கும்.

ஓட்டைக்கு மேல் இரண்டு ஒயர் நுழைகிற கிளாண்டு பெட்டி ஒன்று வையுங்கள்; கிளாண்டு என்பது ஒயரை இறுகப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கிற வாய். கிளாண்டின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் ஓடும்போது மழை நேராக உள்ளே அடிக்கும். பெட்டியை ஒட்டப் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற சாதா சிலிக்கான் தகரத்தை அரிக்கும். பிறகு அதன்மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டிய அன்று வண்டியை எடுக்காதீர்கள், ஒருநாள் இறுகட்டும்.

உள்ளே ஒயர் முழுவதும் நெளி பைப்புக்குள், அடிக்கு ஒரு கிளாம்ப் வீதம் போக வேண்டும். கேஸ் சிலிண்டர் வைக்கிற அறை வழியாகப் போகவே கூடாது. 230 வோல்ட் ஒயருக்குத் தனி பைப்.

ஆற்காடு வாசகி: வீட்டு வேலைக்கு வாங்கிய 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் மிச்சம் இருக்கிறது. அதையே போடலாமா? பேனல்களை சீரிஸில் போடச் சிலர் சொல்கிறார்கள், பேரலல் என்று சிலர்.

அந்த ஒயரைக் கூரையில் போடாதீர்கள் அம்மா. அதன் பிவிசி தோல் வெயிலில் வெளிறி வெடிக்கும். சோலார் டிசி கேபிள் என்று கேட்டு 4 ஸ்கொயர் எம்எம் வாங்குங்கள். இரட்டைத் தோல், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி.

சீரிஸ் என்றால் ஒரு பேனலின் பிளஸை அடுத்ததன் மைனஸில் கோப்பது, வோல்ட் கூடும்; பேரலல் என்றால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், ஆம்ப் கூடும். ஒரு கணக்கு: கூரையிலிருந்து கன்ட்ரோலர் வரை 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 200 வாட் பேனல் ஒன்று சுமார் 20 வோல்ட், 10 ஆம்ப் தரும். 2.5 ஒயரில் பேரலலாக இணைத்தால் 20 ஆம்ப் ஓடி, 1.8 வோல்ட் வழியிலேயே தொலையும். அது 9 சதவீதம். 4 ஸ்கொயர் ஒயரில் சீரிஸாக இணைத்தால் 40 வோல்ட், 10 ஆம்ப், இழப்பு 0.6 வோல்ட், ஒன்றரை சதவீதம்தான். ஆகவே எம்பிபிடி கன்ட்ரோலர் (கூடுதல் வோல்ட்டைக் கரன்ட்டாக மாற்றித் தருகிற வகை) இருந்தால் சீரிஸ். வண்டியை எப்போதும் மாமரத்தடியில் நிறுத்தி, ஒரு பேனலில் மட்டும் நிழல் விழும் என்றால் பேரலல் போடலாம். அப்போது ஒயர் 6 ஸ்கொயராக இருக்கட்டும்.

சீரிஸில் ஓர் எச்சரிக்கை. லோடு இல்லாதபோது ஒரு பேனல் 24 வோல்ட் காட்டும், இரண்டும் சேர்ந்தால் 48. குளிரில் இது இன்னும் ஏறும். 50 வோல்ட் தாங்குகிற கன்ட்ரோலர் வேலூரில் பிழைத்தாலும், மார்கழிக் காலையில் மலைமேல் எரிந்துபோகலாம். 100 வோல்ட் தாங்கும் 30 ஆம்ப் கன்ட்ரோலர் வாங்குங்கள்.

கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10 ஸ்கொயர் ஒயர். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்ப் ஃபியூஸ். பேனல் பக்கம், சீரிஸ் என்றால், பிளஸ் மைனஸ் இரண்டையும் துண்டிக்கிற டூ-போல் டிசி எம்சிபி, 16 ஆம்ப். வீட்டு மின்சாரத்துக்கான ஏசி எம்சிபி இங்கே உதவாது. டிசி ஆர்க்கை (முனை பிரியும்போது தாவுகிற தீப்பொறி) அணைக்க அதனால் முடியாது. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

ஆம்பூர் வாசகர்: விலை குறைந்த பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனலைப் பேட்டரியோடு நேராக இணைத்து, விட்டுவிட்டுத் துண்டிக்கிற வகை), டியூபுலர் பேட்டரி. கன்ட்ரோலர் "ஃபுல்" காட்டுகிறது; ஆனாலும் பேட்டரி கொதிக்கிறது, 15 வோல்ட்டைத் தாண்டுகிறது. இரண்டு கன்ட்ரோலர் மாற்றியாயிற்று.

பேனல் மைனஸை வண்டியின் சேஸிஸில் எங்காவது போல்ட் போட்டிருக்கிறீர்களா, பாருங்கள். இந்த வகைக் கன்ட்ரோலர் பலவற்றில் பிளஸ் இரண்டும் உள்ளே ஒன்றாக இருக்கும்; சார்ஜை நிறுத்துகிற சுவிட்ச் மைனஸ் பாதையில் இருக்கும். பேட்டரி மைனஸும் பேனல் மைனஸும் சேஸிஸில் சந்தித்துவிட்டால், கரன்ட் அந்தச் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கன்ட்ரோலர் நிறுத்தியும் நின்றபாடில்லை.

எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரில் உள்ள பேனல் பிளஸ் முனைக்கும் பேட்டரி பிளஸ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். பீப் அடித்தால் நான் சொன்ன வகைதான். பேனல் மைனஸ் கன்ட்ரோலருக்கு மட்டும் போகட்டும், சேஸிஸைத் தொடக் கூடாது. கன்ட்ரோலர் மாற்றிப் பலன் இல்லை.

குடியாத்தம் வாசகர்: பேனல் ஒயர்களை இணைக்கிற எம்சி4 கனெக்டர் ஒன்று ஒரு வருடத்தில் உருகிவிட்டது. ஏன்?

ஆணும் பெண்ணும் வேறு வேறு கம்பெனியாக இருக்கும், அல்லது பிளையரால் நசுக்கிக் கிரிம்ப் செய்திருப்பார்கள். பொருந்துவது போலத் தெரிந்தாலும் உள்ளே உலோகம் சரியாகத் தொடாது. சூடு அங்கேதான் பிறக்கும். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாகப் போடுங்கள். தோலை 7 மி.மீ. உரித்து, எம்சி4 கிரிம்பிங் டூலால் அழுத்தி, கையால் இழுத்துப் பார்த்தபின் கூட்டுக்குள் தள்ளுங்கள். "டிக்" சத்தம் கேட்க வேண்டும். கனெக்டரின் பின்பக்க நட்டை ஸ்பேனரால் இறுக்காவிட்டால் தண்ணீர் புகும். வெயிலில் கரன்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்காதீர்கள், ஆர்க் அடித்துக் கை வெந்துவிடும். முதலில் எம்சிபியை இறக்கி, பேனலைத் தடித்த போர்வையால் மூடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகி: லித்தியம் பேட்டரி வாங்கலாமா? கத்திரி வெயிலில் தாங்குமா?

எடை குறையும், டிரெய்லருக்கு அது பெரிய லாபம். ஆனால் பலவற்றுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று எழுதியிருக்கும். கத்திரியில் மூடிக் கிடக்கிற வண்டிக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்புச் சர்க்யூட்) சார்ஜை நிறுத்திவிடும், நீங்கள் ஒயரிங்கில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள். பேட்டரிப் பெட்டிக்கு மேலும் கீழும் வலை போட்ட காற்றுத் துளை வையுங்கள், பேட்டரி வண்டியின் தெற்கு, மேற்குச் சுவரை ஒட்டி வராதபடி வண்டியை நிறுத்துங்கள். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். பேனலைக் கழுவ நம்மூர் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து, வெயில் ஏறுமுன் துடைத்துவிடுங்கள்.