பைனஸ் இலையின் வெண்புள்ளிகள்

ஐயா, வணக்கம்.

நுவரெலியாவில் பறித்துவந்த பைனஸ் (பைன்) என்ற ஊசியிலை மரத்தின் இலையைக் கைவில்லையால் பார்த்தேன். நீளவாக்கில் வெள்ளைப் புள்ளிகள் வரிவரியாகத் தெரிந்தன. அது மெழுகு என்கிறார்கள். மெழுகுதிரியில் இருப்பதும் இதுதானா? காரைநகர்க் கசூரினாக் கடற்கரைச் சவுக்கிலும் இது உண்டா?

சி., சாவகச்சேரி

அன்புள்ள சி. அவர்களுக்கு,

நீங்கள் கண்ட ஒவ்வொரு புள்ளியும் ஓர் இலைவாய், அதாவது காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளை. அதன் வாசலை அடைத்துள்ள மெழுகு ஒளியைச் சிதறச் செய்வதால் வெண்மையாகத் தெரிகிறது. மெழுகுதிரியின் பரபின் பெரும்பாலும் காபனும் ஐதரசனும் மட்டுமே கொண்ட அற்கேன்களின் கலவை. பைனஸ் இன மரங்களின் இலைமெழுகில் அற்கேன் சொற்பமே. அங்கே பொதுவாக முதன்மை பெறுவது நொனகோசான்-10-ஓல் என்ற அற்ககோல்: 29 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலி, அதன் பத்தாவது காபனில் ஓர் ஐதரொட்சில் கூட்டம் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்தது).

அந்தப் பத்தாவது இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐதரொட்சில் கூட்டம் சங்கிலியின் நுனியிலும் இல்லாமல் நடுவிலும் இல்லாமல் பக்கவாட்டில் துருத்தி நிற்பதால், மூலக்கூறுகள் தட்டையாக அடுக்கப்பட இயலாமல், சில மைக்ரோமீற்றர் நீளமும் ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர் பருமனும் உள்ள உள்ளீடற்ற குழாய்களாகச் சுருண்டு வளர்கின்றன. இலை இவற்றை உருட்டிச் செய்வதில்லை. மெழுகைக் குளோரோபோமில் கரைத்து உலரவிட்டாலும் குழாய்கள் மீண்டும் தாமாகவே தோன்றுகின்றன. ஆனால் இந்த அற்ககோல் மூலக்கூறின், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களையும் சமமாகக் கலந்தால் குழாய்க்குப் பதிலாகத் தகடுகளே உருவாகின்றன. மரம் ஒரு வடிவத்தை மட்டும் ஆக்குவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இதனுடன் யூனிப்பெரிக், சபினிக் முதலிய ஐதரொட்சி அமிலங்கள் தலையும் வாலுமாக இணைந்த எஸ்டோலைட்டுகளும், இரு ஐதரொட்சில் கூட்டங்கள் கொண்ட ஈரற்ககோல்களும், எஸ்தர்களும் இனத்துக்கு இனம் வேறுபட்ட அளவில் கலந்திருக்கும்.

இலைவாயை அடைத்தால் மரம் மூச்சுவிடுவது எப்படி என்று கேட்கத் தோன்றும். சிற்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் 1971இல் செய்த கணிப்பின்படி, இவ்வடைப்பு நீரிழப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்க, ஒளித்தொகுப்பை மூன்றில் ஒரு பங்கே குறைக்கிறது. காபனீரொட்சைட்டுக்கு இலையின் உள்ளேயும் வேறு தடைகள் இருப்பதால், வாசலில் உள்ள தடை அதற்கு அவ்வளவு பெரிதாவதில்லை. நம்மூர்த் தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கும், 29 காபன் ஈரற்ககோல்களாலான இத்தகைய மெழுகுக் குழாய்கள் ஒரு முக்கிய காரணம்.

சவுக்கு ஊசியிலை மரமே அன்று. அது பூக்குந் தாவரம். ஊசிபோலத் தொங்குவன அதன் பச்சைச் சிறுகிளைகள். கணுதோறும் பல்வரிசைபோல நிற்கும் செதில்களே இலைகள். அதன் இலைவாய்கள் அக்கிளைகளின் நீள்பள்ளங்களுக்குள் மறைந்திருப்பதால், பைனஸில் கண்ட வெண்புள்ளி வரிசையை அங்கே தேடவேண்டியதில்லை.