அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹைமன் மின்ஸ்கியின் சிந்தனை இன்றைக்கு நமக்கு எதற்கு? 2008 உலக நிதி நெருக்கடியை விளக்கியதோடு அந்தச் சிந்தனையின் வேலை முடிந்துவிட்டதா?

முடியவில்லை. பொருளாதார வகுப்பில் உட்கார்ந்து நான் இதைச் சொல்லவில்லை. திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பல வருடமாகப் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பார்க்கிறேன். மின்ஸ்கியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் மாமாவின் பாக்கெட் நோட்டுதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. 2002-இல் அனுப்பர்பாளையம் பக்கம் எட்டு பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆரம்பித்தார். பாதி கைப்பணம், பாதி பேங்க் லோன். தையல் கூலி வந்ததும் ஆட்களுக்குச் சம்பளம், கரண்ட் பில், அப்புறம் அசலும் வட்டியும் சேர்ந்த தவணை. எல்லாம் போக வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும். நோட்டில் 'அசல்' என்று தனியாக ஒரு பத்தியே கோடு போட்டு வைத்திருந்தார்.

2005 ஜனவரியில் உலக ஜவுளி வர்த்தகத்தில், இன்ன நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டா முறை முடிந்தது. ஊரே கட்டடம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரக் கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியமும் இருந்தது. பேங்க் மேனேஜரே யூனிட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, கடன் வரம்பைப் பற்றி, "லிமிட்டைக் கூட்டிக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மெஷின் முப்பதாயிற்று. சி.சி. எனும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் புதுப்பித்துக்கொள்வதுதான் வழக்கம். கேட்டால், "மார்ச்சுல ரினீவல் பண்ணிக்கலாம் மாப்ள, அசலை எவன் கேக்கறான்?" என்பார். புது நோட்டு வாங்கியபோது அசலுக்குப் பத்தி போடவில்லை.

2007-இல் டாலர் நாற்பது ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்த அடியிலிருந்து தப்பிக்க ஏற்றுமதியாளர்கள் பலர் வங்கிகள் விற்ற அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சிலவற்றில் கணக்கு சுவிஸ் பிராங்க், யென் வரைக்கும் போகும். 2008-இல் அவை தலைகீழாகத் திரும்பி நஷ்டத்தைக் கொடுத்தன. சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள். மாமாவுக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியும் அதில் மாட்டியது. மூன்று மாதத்தில் வரவேண்டிய பில் ஆறு மாதம் ஆனது. பேங்க் வட்டி கட்டுவதற்காக மூணு வட்டிக்குக் கைமாத்து வாங்கினார். 2009-இல் மெஷின்களை வந்த விலைக்குக் கொடுத்தார்.

இந்த மூன்று கட்டங்களையும் மின்ஸ்கி பெயர் வைத்தே பிரித்திருக்கிறார். வரவிலிருந்து அசலும் வட்டியும் கட்ட முடிந்தால் அது காப்பு நிலை. வட்டி மட்டும் கட்டி, அசலைப் புரட்டிக்கொண்டே போனால் ஊக நிலை. நம் ஊரில் 'ரொட்டேஷன்' என்கிறோமே, அதுதான். வட்டிக்கே கடன் வாங்க வேண்டி வந்தால், அல்லது சொத்தை விற்க வேண்டி வந்தால், போன்சி நிலை. 1920-இல் பாஸ்டனில் பிடிபட்ட மோசடிக்காரர் சார்லஸ் போன்சியின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். ஆனால் மின்ஸ்கி சொல்லும் போன்சி நிலைக்கு மோசடி அவசியமில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஊரார் பணத்தை வாங்கி மோசடி செய்த ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தனவே, அது வேறு கதை. என் மாமா யாரையும் ஏமாற்றவில்லை. பில் தள்ளிப்போனாலோ வட்டி இரண்டு பாயிண்ட் ஏறினாலோ, ஊக நிலையில் இருக்கிற நேர்மையான தொழிலும் போன்சிக்குள் விழுந்துவிடும்.

2002-இலிருந்து 2007 வரை மாமா எடுத்த எந்த முடிவையும் முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவணை ஒழுங்காகக் கட்டியதால்தான் பேங்க் லிமிட்டைக் கூட்டியது. லிமிட் கூடியதால்தான் ஆர்டர் வந்தது. நல்ல வருடங்கள் தொடர்ந்து வரவர, கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் கைக்காப்பாக வைத்திருந்த இடைவெளியைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நிலையான காலமே நிலையின்மையை வளர்க்கிறது என்பதுதான் மின்ஸ்கியின் மையக் கருத்து. கோளாறு வெளியிலிருந்து வருகிறது, சந்தை தானாகச் சமநிலைக்குத் திரும்பும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதலாளித்துவம் நன்றாக ஓடுவதிலேயே அதன் கோளாறு விளைகிறது என்றார் இவர். 1986-இல் வந்த அவருடைய பெரிய நூலின் பெயரே 'நிலையற்ற பொருளாதாரத்தை நிலைப்படுத்துதல்' என்பதுதான்.

1919-இல் சிகாகோவில் பிறந்தவர், ஹார்வர்டில் ஷும்பீட்டர் என்ற பொருளாதார அறிஞரிடம் படித்தவர். செயின்ட் லூயிஸில் 1965 முதல் 1990 வரை பேராசிரியர். வங்கிக்காரர்களோடு நெருங்கிப் பழகியதால், வங்கி என்பது சேமிப்பை வாங்கி வைக்கும் பெட்டி இல்லை, கடனை விற்கிற வியாபாரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டீ குடிக்க வந்த அந்த மேனேஜரை எனக்குப் புரியவைத்தது இந்த ஒரு வரிதான்.

1996-இல் இறந்தார். 1998 ரஷ்ய நெருக்கடியின்போது பால் மெக்கலி என்ற நிதித்துறைக்காரர் 'மின்ஸ்கி தருணம்' என்ற சொல்லை உண்டாக்கினார். 2008-இல் அது பத்திரிகையெங்கும் பரவியது. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வீழ்ந்த நாளை மட்டும் காட்டி, வீழ்ச்சியை வளர்த்த பத்து நல்ல வருடங்களை அது மறைத்துவிடுகிறது. தீர்வாக அவர் சொன்னதையும் மறைத்துவிடுகிறது. மத்திய வங்கி ஓடிவந்து காப்பாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு மீட்பும் அடுத்த துணிச்சலுக்குத் தைரியம் கொடுக்கும் என்று எச்சரித்தார். வேலை கேட்பவர் எல்லோருக்கும் அரசே வேலை தரவேண்டும் என்று 1960-களிலிருந்தே வாதாடினார்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் விடை இல்லை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றின் மாசுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் ஸ்தம்பித்தது. நொய்யல் ஏன் செத்தது என்பதற்கு மின்ஸ்கியிடம் போய்ப் பயனில்லை. தையல் மேஜையில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் அவர் எழுத்தின் நடுவில் இல்லை. ஆனால் அந்த ஒரே அடியை வாங்கிக்கொண்டு சில கம்பெனிகள் ஏன் எழுந்தன, சில ஏன் எழவில்லை என்பதை, கடன் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவர் வகுத்த மூன்று நிலைகளிலேயே படித்துவிடலாம்.

போன ஐப்பசியில் ஒரு தம்பி நாலு நிட்டிங் மெஷின் வாங்க புராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டு வந்தார். கை நிறைய ஆர்டர். வழக்கமான தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் எடுத்து, பில் அறுபது நாள் தள்ளினால், வட்டி இரண்டு பாயிண்ட் ஏறினால் என்று போட்டுக் காட்டினேன். எட்டாவது மாதம் கையிருப்பு மைனஸில் போனது. "ஏனுங்கண்ணா, அசலை இதுல எங்கிருந்துங்க எடுக்கறது?" என்று அவரே கேட்டார். இரண்டு மெஷினுக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.