டாஃப்னியா வெளுத்துச் சாகிறது: வேறு இனத்தைக் கலந்துவிட்டால் சரியாகுமா?

கேள்வி: மீன்களுக்குத் தீனியாக மொட்டைமாடித் தொட்டியில் டாஃப்னியா (தண்ணீரில் துள்ளி நீந்தும் குட்டி உயிரி) வளர்க்கிறேன். சில வாரங்களாகப் பால்போல வெளுத்துச் செத்துப்போகின்றன. மொய்னா போன்ற, டாஃப்னியாவுக்கு உறவான வேறு இனங்களையும் சேர்த்துவிட்டால் நோய் குறையும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி.

முதலில் இது நோய்தானா என்று பாருங்கள். செத்த டாஃப்னியா எப்படியும் வெளுக்கும். நீந்துவது வெளுத்திருந்தால்தான் சந்தேகம். கண்ணாடி டம்ளரில் எடுத்து, பின்னால் கறுப்புத் துணி வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். நல்லதாக இருந்தால் உடல் கண்ணாடிபோலவும் குடல் பச்சைக் கோடாகவும் தெரியும். உள்ளே மாவு கரைத்ததுபோல இருந்தால் பெரும்பாலும் ஒட்டுண்ணிதான்.

இதில் பேர்போனது மெட்ச்னிகோவியா என்ற ஈஸ்ட். அதன் வித்து (பரவுவதற்கு அது உண்டாக்கும் ஸ்போர்) ஊசிபோல இருக்கும். பாசியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய், குடல் சுவரைக் குத்திக்கொண்டு உடலுக்குள் இறங்கிப் பெருகும். (1884இல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் இந்த ஊசிகளை டாஃப்னியாவின் ரத்த அணுக்கள் விழுங்குவதைப் பார்த்து எழுதினார்.) டாஃப்னியா செத்த பிறகுதான் புது வித்துகள் தண்ணீரில் கலக்கும்.

அமெரிக்காவில் மிச்சிகன், இண்டியானா ஏரிகளில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். செரியோடாஃப்னியா போன்ற சிறிய உறவினங்கள் நிறைய உள்ள ஏரிகளில் நோய் அவ்வளவாகப் பரவுவதில்லை. அவையும் அதே தண்ணீரை வடிகட்டி வித்துகளை விழுங்குகின்றன, ஆனால் அவற்றுக்கு நோய் பிடிப்பது அரிது. வித்து வீணாகிறது. நண்பர் சொல்வது இதைத்தான். ஆனால் அதே ஏரிகளில் கேயோபோரஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழு டாஃப்னியாவைக் கிழித்துத் தின்று, வித்துகளைத் தண்ணீரில் சிந்திவிடும். அது இருந்தால் நோய் கூடும். ஆக, எத்தனை இனம் என்பதைவிட எந்த இனம் என்பதே கணக்கு.

ஆனாலும் தொட்டியில் மொய்னாவைச் சேர்க்க நான் சொல்லமாட்டேன். அது சடசடவென்று பெருகித் தீனியைப் பிடுங்கிக்கொள்ளும். நோய் போய்விட்டது என்று சந்தோஷப்படுவீர்கள், டாஃப்னியாவே போயிருக்கும்!

அதைவிட, டாஃப்னியாவுக்குள்ளேயே கலப்பு வேண்டும். ஆணில்லாமலே பெண் குஞ்சு பொரிப்பதால், ஒரு கரண்டி விதையில் (வளர்ப்பைத் தொடங்க விடும் உயிருள்ள டாஃப்னியாவில்) தொடங்கிய தொட்டியில் பெரும்பாலும் எல்லாம் தாயைப் போல ஒரே அச்சாகத்தான் இருக்கும். ஒன்றுக்கு ஒத்துக்கொண்ட கிருமி எல்லாவற்றையும் பிடிக்கும். இரண்டு மூன்று இடங்களிலிருந்து விதை வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகு கலக்குங்கள்.

இப்போதைக்குத் தெளிவானவற்றை மட்டும் டிராப்பரால் உறிஞ்சிப் புதுத் தண்ணீருக்கு மாற்றுங்கள். வெளுத்தவை சாகும்முன் தினமும் எடுத்துவிடுங்கள். பழைய வலையைப் புதுத் தொட்டியில் விடாதீர்கள். காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். அந்த வித்துகளுக்கு வெயில் ஆகாது.