ஏஐ உதவியாளருக்கு நிர்வாகிச் சாவி எதற்கு?

கேள்வி: எங்கள் ஆலையில் பராமரிப்புக்கு மேக்சிமோ மென்பொருள் இருக்கிறது. அதன் கனெக்டர்கள் (இணைப்புகள்) அனைத்தையும் ஏஐ உதவியாளருடன் இணைத்துத் தருவதாகச் சொல்லும் விற்பனை முகவர், நிர்வாகிக் கணக்கின் ஏபிஐ சாவியை (வேறொரு நிரல் மென்பொருளுக்குள் நுழையப் பயன்படும் கடவுச்சொல் போன்றது) கேட்கிறார். கொடுக்கலாமா?
- பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்

பதில்: கூடாது. முன்பணம் கொடுத்துவிட்டிருந்தாலும் கூடாது.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஏஐயை மற்ற மென்பொருள்களுடன் இணைப்பதற்கான எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. மென்பொருளின் ஒரு செயலுக்குப் பெயர், விளக்கம், தர வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை அதன்படி எழுதிவைத்தால், ஏஐ அதைக் கருவியாக அழைக்கும். எதை அழைப்பது என்பதை விளக்கத்தைப் படித்தே முடிவு செய்யும். முகவர்களோ ஏபிஐ பட்டியலை அப்படியே கொட்டி நூறு கருவிகளாக்கி, எண்ணிக்கையைக் காட்டிப் பணம் கறக்கிறார்கள். ஒன்றுபோலத் தோன்றும் கருவிகள் குவிந்தால் ஏஐ தவறானதை எடுக்கும். உங்களுக்கு நான்கு போதும்: ஒர்க் ஆர்டர் (பராமரிப்புப் பணி ஆணை) நிலை, இயந்திரத்தின் கோளாறு வரலாறு, ஸ்டோர்ஸ் இருப்பு, அடுத்த பராமரிப்புத் தேதி.

"படிக்க மட்டும் என்று குறித்துவிட்டேன்" என்பார் முகவர். நம்பாதீர்கள். எம்சிபியில் அது வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது. மேக்சிமோவில் சாவி எந்தப் பயனருடையதோ, அவருடைய உரிமைகள்தாம் செல்லும். ஆகவே பார்க்க மட்டுமே உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கி, அவர் பெயரில் சாவி எடுங்கள். இதற்கு ஐடி துறை படிவம், ஒப்புதல், உரிமக் கட்டணம் என்று வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். அந்த எரிச்சலில்தான் நிர்வாகிச் சாவி வெளியே போகிறது. பாதுகாப்பு விதிகளைச் சுவரில் ஒட்டுகிறவர்கள், பாதுகாப்பான வழியை மட்டும் இவ்வளவு கடினமாக்கி வைத்திருப்பது என்ன நிர்வாகம்?

பார்க்க மட்டும் என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: புதிய வேலைக் கோரிக்கை. இரவு ஷிப்டில் பம்ப் சீல் கசிகிறது என்று ஆபரேட்டர் சொன்னால் ஏஐ அதைப் பதிவு செய்யலாம். காலையில் நீங்கள் பார்த்து ஒப்புதல் தரும்வரை அது காத்திருக்கும். ஆனால், உங்கள் ஆலையில் கோரிக்கைகள் தானாகவே ஒப்புதலாகும்படி அமைத்திருந்தால் இந்த விலக்கும் இல்லை. அதே இயந்திரத்துக்கு நிலுவையில் கோரிக்கை உள்ளதா என்று கருவியே சரிபார்த்த பிறகுதான் புதியதைப் பதிய வேண்டும்; இல்லையென்றால், பதில் தாமதமாகும்போது ஏஐ மறுபடியும் அழைத்து, ஒரே கசிவுக்கு இரண்டு கோரிக்கைகள் நிற்கும். நிலையை மாற்றும் உரிமையை எக்காரணம் கொண்டும் தராதீர்கள். மேக்சிமோவில் 'குளோஸ்' ஆன ஒர்க் ஆர்டரை மீண்டும் திறக்க முடியாது.

இன்னொன்று: ஒர்க் ஆர்டரின் குறிப்புப் பகுதியில் ஒப்பந்தக்காரர்களும் எழுதுகிறார்கள். அங்கே யாராவது கட்டளைபோல ஒரு வரி எழுதிவைத்தால், ஏஐ அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பார்க்க மட்டுமே உரிமையுள்ள சாவி என்றால் உங்கள் பதிவுகளில் கைவைக்க முடியாது.

நிரல் யாருடைய சர்வரில் ஓடும், யாருக்குச் சொந்தம் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சாவி ஏற்கெனவே போய்விட்டதென்றால் இன்றே ரத்து செய்யுங்கள்.