பண்ணையில் ஒரு பகல்: கௌச்சோக்களைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: என் மகன் அர்ஜென்டினாவில், பியூனஸ் ஐரிஸில் வேலை பார்க்கிறான். நவம்பரில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். நகரத்துக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் ஒரு பகல் முழுக்க இருந்து கௌச்சோக்கள் என்னும் குதிரையேறி மாடு மேய்ப்பவர்களின் வாழ்க்கையைப் பார்க்கலாம் என்கிறான். காங்கேயம் பக்கம் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் என் கணவருக்கு ஆசை. எனக்குத்தான் தயக்கம். வெளியூர்க்காரர்களுக்காக வேஷம் கட்டி ஆடுவதைப் பார்க்க அவ்வளவு பணம் செலவழிக்க வேண்டுமா? நான் சைவம். முழங்கால் வலியும் உண்டு.
– வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தயங்காமல் போய் வாருங்கள். ஆனால் எந்தப் பண்ணைக்குப் போகிறீர்கள், அங்கே எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நாள் அமையும்.

உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. வேலி இல்லாத பம்பாஸ் புல்வெளியில் காட்டு மாடுகளைத் துரத்தித் திரிந்த பழைய கௌச்சோ இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பிவேலி வந்து புல்வெளியைத் துண்டுபோட்டது. 1876ல் பிரான்சிலிருந்து குளிர்பதனக் கப்பல் வந்த பிறகு இறைச்சி ஏற்றுமதி பெரிய வியாபாரமாயிற்று. திரிந்தவன் எஸ்டான்ஸியா என்னும் பெரும்பண்ணையில் கூலிக்காரனானான். ஆகவே மதிய உணவுக்குப் பின் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் உங்களுக்காக ஆடுவதுதான். நல்ல ஆட்டம்தான், ரசியுங்கள். ஆனால் அங்கே குதிரைக்கும் ஆளுக்கும் இடையே நடப்பது வேஷம் அல்ல. அது இன்றும் தினசரி வேலை.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். 'த்ரோபீஷா' எனப்படும் குதிரைக் கூட்டத்தை ஓட்டிக் காட்டும்போது அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. கூட்டத்தின் நடுவில் கழுத்தில் மணி கட்டிய ஒரு பெண் குதிரை இருக்கும். மற்ற குதிரைகள் அந்த மணியோசையைப் பிடித்துக்கொண்டே அதன் பின்னால் போகும்படி பழக்கப்பட்டவை. கட்டிவைக்க மரமோ அடைத்துவைக்க வேலியோ இல்லாத சமவெளியில், இரவில் குதிரைகள் கலைந்துபோகாமல் இருக்கக் கண்ட வழி அது. பல கௌச்சோக்கள் ஒரே நிறக் குதிரைகளாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் அவர்களுக்குப் பெருமை அதிகம். தொழுவத்தில் கழுத்துமணி கேட்டு வளர்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது 'சோர்த்தீஹா' பந்தயம். இரண்டு கம்பத்துக்குமேல் குறுக்குச் சட்டம், அதில் விரல்மோதிரம் அளவுக்கு ஒரு வளையம் தொங்கும். கௌச்சோ முழு வேகத்தில் வந்து, அங்கவடியில் எழுந்து நின்று, பென்சில் அளவுக் குச்சியால் அதைக் கோத்துக்கொண்டு போவார். எடுத்த வளையத்தைப் பார்வையாளர்களில் ஒரு பெண்மணிக்குக் கொடுப்பது வழக்கம். உங்களுக்கே கிடைக்கலாம்.

பண்ணையைத் தேர்ந்தெடுப்பதில் மகன் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 'தியா தெ காம்போ', அதாவது பண்ணையில் ஒரு பகல், என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். பஸ் பஸ்ஸாக ஆட்களை இறக்கும் பெரிய இடங்கள் வேண்டாம். இப்போதும் மாடு வளர்க்கிறீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை விருந்தினர் என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலிலேயே இடத்தின் தரம் தெரிந்துவிடும். வார இறுதியில் நகரத்துக் குடும்பங்கள் குவியும் என்பதால் வார நாளில் போவது நல்லது. சான் அந்தோனியோ தெ ஆரெகோ என்ற சிற்றூரைச் சுற்றி நல்ல பண்ணைகள் பல உண்டு. தலைநகரிலிருந்து சுமார் 110 கி.மீ. ரெத்தீரோ பஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். பண்ணைக்குப் போகும் கடைசித் தூரம் பெரும்பாலும் மண்பாதை. மழை பெய்தால் வழுக்கும். பண்ணையிலிருந்தே வண்டி அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. இதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். அந்த நாளின் மையமே அசாடோ, அதாவது உப்பு மட்டும் போட்டு, மரக்கரித் தணலில் மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி. அடுப்பும் மணமும் உங்கள் கண்முன்தான் இருக்கும். அது தாங்காது என்றால் போகாதீர்கள், அதில் தவறில்லை. தாங்கும் என்றால், முன்பதிவின்போதே சைவம் என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே பலருக்கு இறைச்சி என்றால் மாட்டிறைச்சிதான், கோழியோ பன்றித்தொடைத் துண்டோ தட்டில் வந்துவிடும். கோழி, மீன், ஹாம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சீஸ் அல்லது மக்காச்சோளம் வைத்த, சோமாசி போன்ற எம்பனாடா கிடைக்கும். ஆனால் அதன் மாவில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். மாலையில் தரும் பஸ்தெலீத்தோ இனிப்பையும் கொழுப்பில் பொரிப்பதுண்டு. இரண்டையும் கேட்காமல் தொடாதீர்கள். சாலட், ரொட்டி, பழம் தாராளமாக இருக்கும். காய்கறியைத் தனித் தட்டில் சுட்டுத் தரச் சொல்லலாம். கையில் கொஞ்சம் தின்பண்டமும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்தே என்னும் கசப்பான இலைச்சாறு கைமாறி வரும். சுரைக்குடுக்கை ஒன்று, உலோக உறிஞ்சுகுழல் ஒன்று, எல்லோரும் அதிலேயே குடிப்பார்கள். எச்சில் என்று தோன்றினால் புன்னகையோடு 'நோ, கிராசியாஸ்' என்று சொன்னால் போதும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். உங்கள் கணவர் குடிப்பதாக இருந்தால் குழலைக் கிளறக் கூடாது. குடுக்கையைத் திருப்பித் தரும்போது 'கிராசியாஸ்' என்றால் இனி வேண்டாம் என்று பொருள், அடுத்த சுற்று வராது. பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட வேண்டும்.

முழங்கால் வலியோடு குதிரை ஏற வேண்டாம். சுல்கி எனும் இரு சக்கரக் குதிரை வண்டியோ பெரிய வண்டியோ இருக்கும். அதில் ஏறிப் புல்வெளியைச் சுற்றி வரலாம். கணவர் ஏறட்டும். ஆட்டுத்தோல் விரித்த அகலமான சேணம், சாதுவான குதிரை, மெதுவான நடை, அவ்வளவுதான். சவாரி தெரியும் என்று அவர் பெருமைக்குச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேகமான குதிரையைக் கொடுத்துவிடுவார்கள்.

நவம்பரில் போவது உங்கள் நல்ல நேரம். நவம்பர் 10 அங்கே பாரம்பரிய தினம், கௌச்சோவைப் பாடிய கவிஞர் ஹோசே எர்னாந்தெஸ் பிறந்த நாள். அதையொட்டி ஆரெகோவில் பெரிய விழா நடக்கும். சுற்றுப்பட்டுப் பண்ணைகளிலிருந்து கௌச்சோக்கள் தங்கள் குதிரைகளோடு ஊர்வலமாக வருவார்கள். இது அவர்கள் தங்களுக்காகக் கொண்டாடுவது. இந்த ஆண்டு ஊர்வலம் எந்த ஞாயிறு என்று மகனை விசாரிக்கச் சொல்லிவிட்டு, அதற்கு முன்போ பின்போ உள்ள வார நாளில் பண்ணைக்குப் பதிவு செய்யுங்கள். வெயில் இருக்கும். தொப்பியும் மூடிய செருப்பும் கொசுவுக்குத் தடவ மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.